பட்டாளம் இல்லாத நாட்டுக்குப் போர் வந்தபோது: கோஸ்டா ரிக்கா, 1948 முதல் இன்று வரை

2022 மே 31, அதிகாலை. மத்திய அமெரிக்காவின் சின்ன நாடான கோஸ்டா ரிக்காவின் அரசு மருத்துவமனைகளில் இருந்த பிரிண்டர்கள் தாமாகவே ஓட ஆரம்பித்தன. யாரும் எதையும் அச்சிடச் சொல்லவில்லை. பொருள் புரியாத எழுத்துகள் தாள் தாளாக வந்து விழுந்தன. எல்லாக் கணினிகளையும் அணைத்துவிடுங்கள் என்று உத்தரவு பறந்தது. நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை வைத்திருந்த மின்பதிவேடு முடங்கியது. டாக்டர்களும் நர்ஸ்களும் பேனாவும் தாளுமாக உட்கார்ந்தார்கள். எதிரே இருப்பவருக்கு முன்பு என்ன மருந்து கொடுத்தோம், போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்று பார்க்க வழியில்லை. பல ஆயிரம் பேரின் சிகிச்சை தள்ளிப்போனது. இதைச் செய்தது ஹைவ் என்ற ரான்சம்வேர் கும்பல், அதாவது கணினிகளை முடக்கிவிட்டு விடுவிக்கப் பணம் கேட்கும் கும்பல்.

இது இரண்டாவது அடி. ஏப்ரலிலேயே கோன்ட்டி என்ற இன்னொரு கும்பல் நிதி அமைச்சகத்தின் கணினிகளுக்குள் புகுந்து, வரி கட்டும் தளத்தையும் சுங்கத் துறையின் தளத்தையும் முடக்கியிருந்தது. முதலில் 1 கோடி டாலர் கேட்டார்கள், பிறகு 2 கோடி. அரசு கொடுக்கவில்லை. துறைமுகங்களில் கண்டெய்னர்கள் தேங்கின. ஆசிரியர்கள் பலருக்குச் சம்பளம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. மே 8 அன்று பதவியேற்ற அதிபர் ரொட்ரிகோ சாவேஸ் அன்றைக்கே தேசிய அவசரநிலையை அறிவித்தார். சில நாள் கழித்து, நாடு போரில் இருக்கிறது, இது மிகையான பேச்சு இல்லை என்றார்.

1948 டிசம்பர் 1 முதல் ராணுவமே இல்லாத நாட்டின் அதிபர் சொன்ன சொல் அது. சரி, ராணுவம் இருந்திருந்தால் அந்த இரவில் அது எங்கே போய் நின்றிருக்கும்? எந்த எல்லையை அடைத்திருக்கும்? இந்தக் கேள்விக்காகத்தான் கோஸ்டா ரிக்காவின் கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். வழக்கமாக இதை ஒரு நல்ல மனிதரின் நல்ல செயலாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். ராணுவத்தைக் கலைத்தது ஒரு நாள் வேலை. அது இருந்த இடத்தில் என்னென்ன வைத்தார்கள், அவற்றைப் பிறகு எப்படிப் பராமரித்தார்கள், எங்கே கைவிட்டார்கள் என்பது 75 ஆண்டுக் கதை. நமக்குப் பாடம் இருப்பது அந்தப் பகுதியில்தான்.

வாக்குச்சீட்டால் வந்த சண்டை

1948 பிப்ரவரியில் அதிபர் தேர்தல் நடந்தது. எதிர்க்கட்சி வேட்பாளர் ஒட்டிலியோ உலாத்தே வென்றதாக அறிவிக்கப்பட்டது. தோற்றவர் முன்னாள் அதிபர் ரஃபேல் ஆங்ஹெல் கால்தெரோன் குவார்தியா. அவருடைய ஆதரவாளர்கள் பெரும்பான்மையாக இருந்த நாடாளுமன்றம் மார்ச் 1 அன்று அந்த முடிவை ரத்து செய்தது. மார்ச் 12 அன்று ஹொசே ஃபிகெரஸ் என்ற பண்ணை உரிமையாளர் தெற்கே இருந்த தன் பண்ணைப் பகுதியிலிருந்து ஆயுதக் கிளர்ச்சியைத் தொடங்கினார். 44 நாள் சண்டை. இறந்தவர்கள் சுமார் 2,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தச் சின்ன நாட்டுக்கு அது பெரிய எண்ணிக்கை.

வென்ற ஃபிகெரஸ் 18 மாதம் மட்டும் ஆண்டுவிட்டு, ஆட்சியை உலாத்தேயிடம் ஒப்படைப்பதாக ஒப்புக்கொண்டார். அந்த இடைக்காலத்தில்தான் டிசம்பர் 1 அன்று, தலைநகர் சான் ஹொசேயில் பெயாவிஸ்தா என்ற பட்டாளக் கோட்டையின் மதிலைச் சுத்தியலால் அடித்து ராணுவம் கலைக்கப்பட்டதாக அறிவித்தார். கோட்டையின் சாவி கல்வி அமைச்சரிடம் போனது. இன்று அங்கே இருப்பது தேசிய அருங்காட்சியகம். 1948இல் பாய்ந்த குண்டுகளின் தடங்களைச் சுவரில் பூசி மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

ஃபிகெரஸ் தூய மனத்தோடு மட்டும் இதைச் செய்தார் என்று சொல்ல முடியாது. இருந்த ராணுவமே மெலிந்து நலிந்த சில நூறு பேர்தான். அது பழைய ஆட்சியின் பக்கம் நின்று தோற்றது. அதை வைத்திருந்தால் நாளை தன்மேலேயே பாயலாம் என்ற கணக்கும் அவருக்கு இருந்தது. இன்னொன்று, கரீபியன் பகுதியின் சர்வாதிகாரிகளைக் கவிழ்க்கத் திரண்ட பிற நாட்டுக் கிளர்ச்சியாளர்கள் அவருக்கு ஆயுதமும் ஆளும் தந்திருந்தார்கள். பதிலுக்குத் தங்கள் போருக்கு அவர் தளம் தர வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். ராணுவமே வேண்டாம் என்பது அந்தக் கடனிலிருந்து நழுவவும் ஒரு வழியாக இருந்தது. அவருடைய ஆட்சியின் கையிலும் ரத்தம் உண்டு. அதே டிசம்பரில் லிமோன் மாகாணத்தில் கைதிகள் 6 பேரை ரயிலில் கொண்டுபோய் வழியில் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் இடதுசாரிகள். கம்யூனிஸ்ட் கட்சி மீதான தடை 1975 வரை நீடித்தது. இதையெல்லாம் மறைத்துவிட்டு ஒரு நாட்டைப் புகழ்வதில் எனக்கு விருப்பமில்லை. கலப்படமான நோக்கத்தோடு எடுத்த முடிவும் நல்ல அமைப்பாக வளர முடியும் என்பது எனக்கு இன்னும் பெரிய நம்பிக்கையைத் தருகிறது.

1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, நிரந்தர அமைப்பாக ராணுவம் இருப்பதைத் தடை செய்தது. உள்நாட்டு ஒழுங்குக்குப் போலீஸ் உண்டு. அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் உடன்படிக்கைக்காகவோ நாட்டின் பாதுகாப்புக்காகவோ தேவைப்பட்டால் மட்டும் படை திரட்டலாம். அப்போதும் அது சிவில் ஆட்சிக்குக் கட்டுப்பட்டது. தனியாகக் கூடிப் பேசவோ அறிக்கை விடவோ அதற்கு உரிமை இல்லை. கதவை அடைத்துச் சாவியைத் தூக்கியெறியவில்லை. சாவியைச் சிவில் ஆட்சியின் கையில் கொடுத்தார்கள்.

அதே சட்டம் உச்சத் தேர்தல் தீர்ப்பாயத்தையும் உருவாக்கியது. பலர் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். நாட்டைச் சண்டைக்குள் தள்ளியது வாக்கு எண்ணிக்கைத் தகராறு. ஆகவே வாக்கை எண்ணும் வேலையை ஆளுங்கட்சியிடமிருந்தும் நாடாளுமன்றத்திடமிருந்தும் பிரித்து, சுதந்திரமான ஒரு தனி அமைப்பிடம் கொடுத்தார்கள். தேர்தல் காலத்தில் போலீஸுக்குக் கட்டளையிடும் அதிகாரமும் அதற்கு உண்டு. 1953 முதல் இன்று வரை 4 ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் தவறாமல் நடந்திருக்கிறது, ஒரு ராணுவப் புரட்சியும் இல்லை. ஆட்சியைக் கவிழ்க்கப் பட்டாளம் இல்லாததால் புரட்சி இல்லை என்று சொல்வது எளிது. தோற்றவர் தோல்வியை ஏற்கும்படி ஓர் எண்ணிக்கை முறை இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 1, டிசம்பர் 3, டிசம்பர் 10

ராணுவம் கலைந்தது டிசம்பர் 1. அமெரிக்கக் கண்டத்து நாடுகள் ஒன்றுக்கொன்று துணை நிற்பதாக ரியோ டி ஜெனிரோவில் செய்துகொண்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது டிசம்பர் 3. நாடு கடந்திருந்த கால்தெரோனின் ஆட்கள் நிகராகுவாவிலிருந்து எல்லை தாண்டி உள்ளே வந்தது டிசம்பர் 10. சுத்தியல் அடித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை.

கோஸ்டா ரிக்கா அந்தப் புது ஒப்பந்தத்தை நீட்டி, அமெரிக்க நாடுகளின் அமைப்பிடம் முறையிட்டது. விசாரணைக் குழு வந்தது, எல்லையைப் பார்த்தது, நிகராகுவாவின் பொறுப்பைச் சுட்டியது. 1949 பிப்ரவரியில் இரு நாடுகளும் நட்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1955 ஜனவரியில் மறுபடி அதே திசையிலிருந்து படையெடுப்பு. இந்த முறை வானிலிருந்து குண்டும் விழுந்தது. உள்ளூர் மக்கள் தொண்டர்களாகத் துப்பாக்கி தூக்கினார்கள். அமெரிக்கா 4 மஸ்டாங் போர் விமானங்களை ஒன்று 1 டாலர் விலைக்குக் கொடுத்தது. படையெடுப்பு அடங்கியது.

இங்கேதான் வழக்கமான எதிர்வாதம் வரும். அமெரிக்கக் குடையின் கீழ் இருந்துகொண்டு ராணுவம் வேண்டாம் என்பது பெரிய காரியமா? இதில் உண்மை இருக்கிறது, மழுப்பக் கூடாது. 1999 முதல் கோஸ்டா ரிக்காவின் கடலில் போதைக் கடத்தலைத் தடுக்க அமெரிக்கக் கடலோரக் காவல்படையோடு கூட்டு ரோந்துக்கு ஒப்பந்தமும் இருக்கிறது. ஆனால் அதே குடையின் கீழ் இருந்த குவாத்தமாலாவிலும் எல் சல்வடோரிலும் பெரிய ராணுவங்கள் இருந்தன. அவை தங்கள் மக்களையே பல்லாயிரக்கணக்கில் கொன்றன. வெளியே இருந்து வரும் ஆபத்து மத்திய அமெரிக்காவுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபாடு வந்தது உள்ளே.

குடை பிடித்தவர் இழுத்த இழுப்புக்கெல்லாம் கோஸ்டா ரிக்கா போய்விடவும் இல்லை. 1980களில் நிகராகுவாவின் இடதுசாரி அரசை எதிர்த்துப் போரிட்ட கோன்ட்ரா படையினர் கோஸ்டா ரிக்காவின் வட எல்லையைப் பயன்படுத்தினார்கள், அவர்களுக்காக ரகசிய விமான ஓடுதளம்கூட அமைந்தது. 1983 நவம்பரில் அதிபர் லூயிஸ் அல்பெர்ட்டோ மோங்ஹே நாடு என்றைக்கும் ஆயுதமற்ற நடுநிலையில் இருக்கும் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பு நடைமுறையில் ஓட்டைகளோடுதான் இருந்தது. 1986இல் வந்த ஓஸ்கர் அரியாஸ் ஓடுதளத்தை மூடினார். 1987 ஆகஸ்ட் 7 அன்று குவாத்தமாலா நகரில் 5 மத்திய அமெரிக்க அதிபர்களும் அவர் வரைந்த திட்டத்தின் அடிப்படையில் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்டின் நோபல் சமாதானப் பரிசு அவருக்குக் கிடைத்தது. பக்கத்து வீடு எரிந்தால் தன் வீட்டுக்கும் தீ வரும், தன்னிடம் தீயணைப்பு வண்டியும் இல்லை என்று தெரிந்த வீட்டுக்காரர் செய்ய வேண்டியதை அவர் செய்தார்.

பெட்டி

பசி, பிணி, பகை மூன்றும் அண்டாத இடமே நாடு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இன்றைய அரசுகள் பாதுகாப்பு என்ற சொல்லை மூன்றாவதுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டன. கோஸ்டா ரிக்கா முதல் இரண்டையும் அந்தச் சொல்லுக்குள் வைத்தது என்பதுதான் என் வாசிப்பு.

அங்கே எல்லோரும் காஹா என்று அழைக்கும் ஒரு நிறுவனம் உண்டு. காஹா என்றால் ஸ்பானிய மொழியில் பெட்டி. தொழிலாளி, முதலாளி, அரசு மூவரும் பணம் போட, நோய்க்கும் முதுமைக்கும் அதிலிருந்து எடுக்கும் சமூகப் பாதுகாப்பு நிதி. 1941இல் இதைத் தொடங்கியவர் கால்தெரோன், அதாவது 1948இல் தோற்றவர். தொழிலாளர் சட்டத்தையும் சமூக உரிமைகளையும் கம்யூனிஸ்டுகளோடும் கத்தோலிக்கப் பேராயரோடும் சேர்ந்து கொண்டுவந்தவரும் அவர்தான். போரில் வென்ற ஃபிகெரஸ் எதிரியின் பெட்டியை உடைக்கவில்லை. வைத்துக்கொண்டார், வளர்த்தார், வங்கிகளை அரசுடைமையாக்கினார், பெருஞ்சொத்துகளுக்கு 10 சதவீத வரி போட்டார். 1949இல் அரசு மின்சார நிறுவனம் உருவானது. இன்று அந்த நாட்டின் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் ஆறுகள், எரிமலை வெப்பம், காற்று ஆகியவற்றிலிருந்து வருகிறது. எண்ணெய் விலை ஏறினால் அங்கேயும் பஸ் கட்டணம் ஏறும், விளக்கு அணையாது.

வென்றவர் தோற்றவரின் நல்ல வேலையைக் காப்பாற்றியது, என் பார்வையில், சுத்தியல் அடித்ததைவிடப் பெரிய சமாதானச் செயல். உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்து மக்களுக்கும் இந்த நாட்டில் இழக்க ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது. மீண்டும் துப்பாக்கி எடுக்காமல் இருக்க அது ஒரு காரணம். கால்தெரோன் பிறகு நாடு திரும்பினார். அவருடைய மகன் 1990இல் தேர்தலில் வென்று அதிபரானார்.

1970களில் காஹாவும் சுகாதார அமைச்சகமும் கிராமங்களுக்கு இறங்கின. நடந்தும் குதிரையிலும் படகிலும் போய் வீடு வீடாகத் தடுப்பூசி போட்டார்கள், குடிநீரைப் பார்த்தார்கள். 1970இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 60க்கு மேல் ஓராண்டுக்குள் இறந்தன. 1980இல் அது 20ஐ ஒட்டி வந்துவிட்டது. பத்தே ஆண்டில். 1990களின் நடுவில் எபைஸ் என்ற சிறு மருத்துவக் குழுக்கள் வந்தன. சுமார் 4,000 முதல் 5,000 பேருக்கு ஒரு குழு. அதில் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ் உதவியாளர், பதிவேடு பார்ப்பவர், அப்புறம் வீடுகளுக்குப் போகும் களப் பணியாளர். இன்று இப்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட குழுக்கள். களப் பணியாளரின் குடும்ப அட்டையில் யார் கர்ப்பிணி, எந்த முதியவர் தனியாக இருக்கிறார், குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் இருக்கும். சராசரி ஆயுள் 80ஐ ஒட்டி. ராணுவச் செலவு இல்லாததால்தான் இது நடந்தது என்று நேர்கோடு போட மாட்டேன். அந்தப் பணம் வேறெங்கும் போயிருக்கலாம். போட்டிக்குப் பட்டாளம் இல்லாததால், ஒவ்வொரு ஆண்டும் இந்தப் பக்கம் பேசியவர்களின் குரல் எடுபட்டது என்று மட்டும் சொல்வேன்.

2022 மே 31 அன்று ஹைவ் கும்பல் கை வைத்தது இந்தப் பெட்டியின் மேல்தான். எதிரிக்கு அந்த நாட்டின் உயிர்நிலை எது என்று தெரிந்திருந்தது.

3 சதுர கிலோமீட்டர் சதுப்பு நிலம்

2010 அக்டோபரில் நிகராகுவா சான் ஹுவான் ஆற்றைத் தூர்வாரும் பெயரில், கோஸ்டா ரிக்கா தன்னுடையது என்று சொல்லும் கலேரோ தீவுப் பகுதியில் கால்வாய் வெட்டி, சிப்பாய்களையும் நிறுத்தியது. இரண்டு நாட்டிலும் ரத்தம் சூடானது. நவம்பர் 18 அன்று கோஸ்டா ரிக்கா ஹேக் நகரில் உள்ள பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2011 மார்ச்சில் இடைக்கால உத்தரவு. 2015 டிசம்பர் 16 அன்று இறுதித் தீர்ப்பு: அந்த இடம் கோஸ்டா ரிக்காவுடையது. ஆற்றோரமாகச் சாலை போட்டபோது சுற்றுச்சூழல் பாதிப்பை முன்கூட்டியே மதிப்பிடத் தவறியது கோஸ்டா ரிக்காவின் குற்றம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2018 பிப்ரவரியில் இழப்பீடு முடிவானது, வட்டியோடு சுமார் 3,79,000 டாலர். சுற்றுச்சூழல் சேதத்துக்காக அந்த நீதிமன்றம் இழப்பீடு விதித்தது அதுவே முதல் முறை. நிகராகுவா பணத்தைக் கட்டியது.

ஐந்து ஆண்டு காத்திருப்பு நீண்டதுதான். நடுவில் போலீஸை எல்லைக்கு அனுப்பினார்கள், தொலைக்காட்சிகளில் ஆவேசப் பேச்சு நடந்தது. ஆனாலும் 3 சதுர கிலோமீட்டருக்காக ஒரு தாயும் பிள்ளையை இழக்கவில்லை. வக்கீல்களும் நீரியல் நிபுணர்களும் வரைபடக்காரர்களும் பட்டாளத்தின் இடத்தில் நின்றார்கள். அவர்களைப் பல ஆண்டு முன்பே படிக்கவைத்து, பழக்கி, வெளியுறவுத் துறையில் வைத்திருந்தால்தான் தேவைப்படும் நாளில் கிடைப்பார்கள்.

லிமோன்

இங்கே வந்ததும் எனக்கு எழுத்து கனக்கிறது. 2022இல் கோஸ்டா ரிக்காவில் 650க்கு மேற்பட்ட கொலைகள். 2023இல் 900க்கும் மேல், அதுவரை கண்டிராத எண்ணிக்கை. அதிகம் அடிபட்டது கரீபியன் கரையில் இருக்கும் லிமோன் மாகாணம். வாழைப்பழமும் அன்னாசியும் ஏற்றுமதியாகும் மொயீன் துறைமுகம் அங்கே இருக்கிறது. கொலம்பியாவிலிருந்து வரும் கொக்கெய்ன் அந்தப் பழப் பெட்டிகளுக்குள் ஒளிந்து ஐரோப்பா போகிறது. வழியைப் பிடிக்க உள்ளூர்க் கும்பல்கள் ஒன்றையொன்று சுடுகின்றன. செத்துப்போகிறவர்களில் நிறைய பேர் இளைஞர்கள்.

லிமோன் வரலாற்றிலேயே ஓரம் கட்டப்பட்ட மண். ரயில்பாதை போடவும் வாழைத் தோட்டத்தில் உழைக்கவும் ஜமைக்காவிலிருந்து வந்த கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்கு முழுக் குடியுரிமை 1949 வரை எளிதாகக் கிடைக்கவில்லை. அண்மையில் புதிய கண்டெய்னர் முனையம் தனியார் இயக்கத்தில் வந்தபோது, அரசுத் துறைமுக நிறுவனத்தில் இருந்த நிரந்தர வேலைகள் பெருமளவு குறைந்தன. 2018இல் ஆசிரியர்களின் நீண்ட வேலைநிறுத்தம், 2019இல் மறுபடி இடையூறு, அடுத்து 2 ஆண்டு கொரோனா. 4 ஆண்டாகப் பள்ளிப் படிப்பு அறுந்து அறுந்து நடந்தது. கல்வி நிலையை ஆராயும் அந்த நாட்டு அறிக்கையே 2021இல் இதைக் கல்வி இருட்டடிப்பு என்று அழைத்தது. இருட்டில் விடப்பட்ட பையனுக்குக் கும்பல் கையில் பணம் தருகிறது, துப்பாக்கி தருகிறது, ஒரு பெயரும் தருகிறது.

ராணுவம் இல்லாததால்தான் இந்த நிலை என்று சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். ராணுவத்தையே தெருவில் இறக்கிய மெக்ஸிகோவில் 2006க்குப் பிறகு கொலைகள் பெருகினவே தவிரக் குறையவில்லை. எல் சல்வடோர் பாணியில் பெருஞ்சிறை கட்டும் திட்டத்தைக் கோஸ்டா ரிக்கா அரசு கையில் எடுத்திருக்கிறது. துறைமுக ஸ்கேனர் வேண்டும், நல்ல சம்பளம் வாங்கும் நேர்மையான போலீஸ் வேண்டும், சாட்சியைக் காப்பாற்றும் நீதிமன்றம் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கொலை எண்ணிக்கை ஏறிய ஆண்டுகளும், பட்டாளம் இருந்த இடத்தில் வைத்தவற்றைப் பராமரிக்கத் தவறிய ஆண்டுகளும் ஒன்றாகவே இருக்கின்றன. கணினிப் பாதுகாப்பும் அப்படித்தான். தாக்குதலுக்குப் பிறகு ஸ்பெயின் மென்பொருள் கொடுத்தது, அமெரிக்கா 2.5 கோடி டாலர் உதவி அறிவித்தது. மருத்துவப் பதிவேட்டை மின்மயமாக்கியபோதே அதற்குக் காவலும் போட்டிருந்தால் அந்தத் தாள்கள் வந்து விழுந்திருக்காது.

நிதி நெருக்கடி வந்தால் பல நாடுகள் முதலில் ராணுவ ஒதுக்கீட்டைத் தொடுவதில்லை. ஆசிரியரின் ஊதியம், சர்வர் பராமரிப்பு, களப் பணியாளரின் பயணப்படி ஆகியவற்றில் கை வைக்கும். அவற்றைப் பாதுகாப்புச் செலவு என்று பெயரிட்டு எழுதியிருந்தால் இவ்வளவு எளிதாக வெட்ட முடியுமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

கோஸ்டா ரிக்காவின் அரசமைப்புச் சட்டத்தில் 78ஆம் பிரிவும் இருக்கிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்துக்குக் குறையாமல் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று 2011இல் அதைத் திருத்தினார்கள், 2014 முதல் கட்டாயம். ராணுவத்தைத் தடை செய்த 12ஆம் பிரிவு 75 ஆண்டுக்கு மேலாக நிற்கிறது. 8 சதவீதமோ ஒரு ஆண்டுகூட முழுதாக எட்டப்படவில்லை. அண்மை ஆண்டுகளில் 6 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 1ஆம் தேதிக்குள் அரசு தன் வரவுசெலவுத் திட்டத்தைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். வைத்ததும் நான் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.